மெனோபாஸ் சிகிச்சை: எம்பிபிஎஸ் டாக்டர் எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

காவிரிக்கரை எம்ஓ

வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெடிக்கல் ஆபீசராக இருக்கிறேன். எம்பிபிஎஸ் மட்டும்தான், பிஜி இன்னும் சேரவில்லை. ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மார்கழியில் ஒரு அம்மா ஓபிக்கு வந்தார். வயது 46, தறிப்பட்டறையில் வேலை. அடையாளம் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வெளியே வரிசையில் நிற்பவர்கள் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இவர் என் மேசை முன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே மேலுதட்டில் முத்து முத்தாக வியர்க்கிறது, கழுத்து நனைகிறது, முந்தானையை எடுத்து விசிறிக்கொள்கிறார். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். அப்புறம் அதே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குளிருகிறது என்றார். "உள்ளுக்குள்ள காங்கையா கிளம்புதுங்க சாமி, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, ராத்திரி நாலு தடவை எந்திரிச்சு மூஞ்சி கழுவுறேன்."

கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் ஒன்றரை வருடத்துச் சீட்டுகள். மூன்று ஈசிஜி, மூன்றும் நார்மல். ஒரு எக்கோ. தைராய்டு டெஸ்ட் இரண்டு முறை. கேஸ் மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ், தூக்க மாத்திரை. ஒரு சீட்டில் "பயப்பட வேண்டாம்" என்று மட்டும் எழுதியிருந்தது. அத்தனை சீட்டிலும் எல்எம்பி, அதாவது கடைசி மாதவிடாய் தேதி, என்ற இடம் காலி. கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் சிஸ்டரை விட்டுக் கேட்கச் சொன்னேன். ஏழு மாதமாக வரவில்லை, அதற்கு முன்னால் ஒரு வருடம் தாறுமாறு.

சரி, இது மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நின்றுபோகும் பருவம் என்று புரிந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது என்பது எனக்குத் தெரியவில்லை, அதுதான் உண்மை. கல்லூரியில் மெனோபாஸுக்கு ஒரே ஒரு வகுப்பு நடந்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும், சூலகத்தைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் ஏறும், ஹெச்ஆர்டி, அதாவது குறைந்த ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பது, யாருக்கெல்லாம் கூடாது என்று ஒரு பட்டியல். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டதாக நினைவில்லை. ஹவுஸ் சர்ஜன்சியில் ஓஜி (மகப்பேறு, மகளிர் நோய்) போஸ்டிங் முழுக்க லேபர் வார்டிலேயே போனது. வேலைக்கு வந்த பிறகும் பிரசவம், ஹை ரிஸ்க் தாய்மார், கருத்தடை, சுகர், பிபி எல்லாவற்றுக்கும் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள், இதற்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

என் கேள்விகள் இவை. இதை முறையாகக் கற்றுக்கொள்ள எம்பிபிஎஸ் படித்தவனுக்கு என்ன வழி? இணையத்தில் ஏகப்பட்ட சான்றிதழ் படிப்புகள் வருகின்றன, எதை நம்புவது? ஒரு நாளைக்கு 120 பேர் பார்க்கும் ஓபியில், அதுவும் ஆண் டாக்டராக இருந்துகொண்டு, இதைச் செய்ய முடியுமா? அந்த அம்மாவை அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் எனக்குப் பதில் தெரிய வேண்டும்.

மதுரை ஓஜி

தம்பி, எல்எம்பி கேட்டீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது. 45 வயது தாண்டிய பெண், மாதவிடாய் தள்ளிப்போகிறது, காங்கையும் (திடீரென்று உள்ளிருந்து கிளம்பும் சூடு) வியர்வையும் இருக்கிறது என்றால் அதுவே நோயறிதல். எஃப்எஸ்ஹெச் பார்க்கத் தேவையில்லை, பெரிமெனோபாஸில், அதாவது மாதவிடாய் முழுதாக நிற்பதை ஒட்டிய தாறுமாறான காலத்தில், அந்த எண் இன்று ஏறும் நாளை இறங்கும், பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி 2015இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தைராய்டு பார்த்தது சரி, இரண்டும் ஒரே மாதிரி வரும். நம் ஊர்ப் பெண்களுக்கு 46, 47 வயதை ஒட்டியே நின்றுவிடுகிறது, மேலை நாட்டுப் புத்தகங்களில் போட்டிருக்கும் 51 என்ற எண்ணை வைத்துக்கொண்டு "உனக்கு இன்னும் வயசாகலையேம்மா" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் நிறைய.

ஏன் உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால்தான் எதைக் கற்க வேண்டும் என்பதும் புரியும். 2002 ஜூலையில் அமெரிக்காவின் டபிள்யூஹெச்ஐ (விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்) என்ற ஹெச்ஆர்டி பற்றிய பெரிய ஆய்வின் ஒரு பிரிவைப் பாதியில் நிறுத்தினார்கள். நான் அப்போது பிஜி மாணவி. எங்கள் யூனிட்டில் வழக்கமாக எழுதிக்கொண்டிருந்த ஹெச்ஆர்டி சீட்டு கொஞ்ச நாளிலேயே காணாமல் போனது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்று உலகம் முழுக்கச் செய்தி. ஆய்வில் இருந்தவர்கள் 16,608 பேர், சராசரி வயது 63. அதாவது பலருக்கு மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கும் மேல். கொடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுக்கும் ஈஸ்ட்ரோஜனும், மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோனும். 26 சதவீதம் என்பதை ஆள் கணக்கில் சொன்னால், 10,000 பெண்களில் ஒரு வருடத்துக்கு 30 பேருக்கு வந்த இடத்தில் 38 பேருக்கு வந்தது. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவு 2004 வரை ஓடியது, பக்கவாதம் கூடியது என்று அதையும் நிறுத்தினார்கள், ஆனால் அதில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, பிற்பாடு தொடர்ந்து பார்த்தபோது குறைந்தே இருந்தது. இதெல்லாம் யார் காதிலும் விழவில்லை. பயம் மட்டும் தங்கியது. பயந்தவர்கள் எழுதுவதை விட்டார்கள், எழுதாதவர்கள் பேராசிரியர் ஆனார்கள், அவர்களால் மாணவர்களுக்கு அந்தத் தடைப் பட்டியலைத் தாண்டி என்ன சொல்லித்தர முடியும்? உங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு வகுப்பு அங்கிருந்து வந்தது.

இப்போது உலகம் ஒத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், தொந்தரவு இருந்து, தடை எதுவும் இல்லை என்றால், பலன்தான் பெரிது. தடை என்பது மார்பகப் புற்றுநோய் வந்தவர், ரத்தக்கட்டி, மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர், கல்லீரல் நோய் தீவிரமாக இருப்பவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர். கர்ப்பப்பை இருந்தால் புரோஜெஸ்டிரோன் கட்டாயம், இல்லையென்றால் உள்வரிச் சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகும். உங்கள் அந்த அம்மாவுக்கு நின்று ஒரு வருடம் ஆகவில்லை, அதனால் ஈஸ்ட்ரோஜன் தினமும், மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் 200 மி.கி. மாதத்தில் 12 நாள் இரவில் என்று கொடுப்போம், மாதாமாதம் கொஞ்சம் படும் என்று முன்னாடியே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார். நின்று ஒரு வருடம் தாண்டியவர் என்றால் இரண்டையும் தினமும், 100 மி.கி. போதும். அந்த மாத்திரை தூக்கத்துக்கும் கொஞ்சம் உதவும். பிபி அதிகம், பருமன், சுகர் என்று இருந்தால் மாத்திரை ஈஸ்ட்ரோஜனைவிடத் தோலில் தடவும் ஜெல் நல்லது, அது கல்லீரல் வழியாகப் போவதில்லை என்பதால் ரத்தக்கட்டிப் பயம் கூடுவதில்லை. தொடங்கும் முன் பிபி, எடை, மார்பகப் பரிசோதனை, குடும்பத்தில் யாருக்கு என்ன என்ற விசாரணை. முதல் தடவை நீங்களே எழுத வேண்டாம், உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஓஜியிடம் சீட்டு போட்டு அனுப்பிவிட்டு, அவர் என்ன எழுதுகிறார் என்று போனில் கேளுங்கள். ஐந்து பேருக்கு இப்படிச் செய்தால் ஆறாவது பேருக்கு நீங்கள் எழுதுவீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எப்போதும் விடாதீர்கள். நின்று ஒரு வருடம் கழித்து ஒரு துளி பட்டாலும் அது ஸ்கேனுக்குப் போக வேண்டும், உள்வரிச் சவ்வு 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் பயாப்சி. "தீட்டு திரும்பி வந்திருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள், அங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும்.

செவிலி அக்கா

நான் கிராம சுகாதார செவிலியாக 19 வருடம் இருக்கிறேன். டாக்டர்கள் பேசும் இடத்தில் நானும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மேடம் சொன்னது எல்லாம் சரி. ஆனால் பயிற்சி டாக்டருக்கு மட்டும் கொடுத்தால் பத்தாது, ஏனென்றால் இந்தப் பேச்சு டாக்டர் ரூமுக்குள் வருவதே இல்லை. எங்களிடம் வரும், அதுவும் நேராக வராது. வேறு எதற்கோ வந்துவிட்டு, செருப்பைப் போடும் நேரத்தில் வாசற்படியில் நின்று சொல்வார்கள். "மூத்திரம் போனா எரியுது சிஸ்டர்" என்பார்கள், சிறுநீர் டெஸ்ட் எடுத்தால் ஒன்றும் இருக்காது, ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்புவார்கள், இரண்டு மாதத்தில் திரும்ப வருவார்கள். எங்கள் பகுதியில் ஒரு அம்மாவுக்கு ஒரே வருடத்தில் ஆறு கோர்ஸ் ஆன்டிபயாடிக் போனதை நானே பார்த்தேன். அவரைத் தனியாக உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, "உள்ளே வறட்சியா இருக்கா, வீட்டுக்காரரோட சேரும்போது வலிக்குதா" என்று கேட்ட பிறகுதான் அழுதார். மூன்று வருடமாக வலிக்கிறதாம். வீட்டுக்காரர் இவருக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டு திண்ணையில் படுக்கிறாராம். அந்தக் காலத்தில் இதற்கு உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரியால் கிரீம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, தாலுகா ஆஸ்பத்திரி மேடம் எழுதிக்கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று மாதத்தில் சிறுநீர் எரிச்சல் நின்றது.

அதனால் சார், நீங்கள் ஆண் டாக்டர் என்று கவலைப்பட வேண்டாம், சிஸ்டரைக் கேட்கவைத்தீர்களே அதுவே சரி. ஆனால் சிஸ்டருக்கு என்ன கேட்பது என்று சொல்லிக்கொடுங்கள். ஹார்மோன் என்று ஆரம்பித்தால் அவர்களுக்குப் புரியாது, புரிந்தால் பயம். காங்கை, படபடப்பு, தூக்கம், மூட்டு வலி, மறதி, எரிச்சல், வறட்சி, இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டால் "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டே வருவார்கள். வீட்டில் உளுந்தங்களி சாப்பிடுகிறேன், கற்றாழை சாப்பிடுகிறேன் என்பார்கள், அதைத் திட்ட வேண்டாம். களி நல்ல சாப்பாடுதான், அதோடு சேர்த்து நாம் சொல்வதையும் கேட்பார்கள்.

இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதிலிருந்து பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிபி, சுகர் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்கள் பார்ப்பதில் நிறையப் பேர் இந்த வயதுப் பெண்கள்தான். அந்த நோட்டில் இரண்டு கேள்வி சேர்த்தால் போதும்: கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றினீர்கள், ராத்திரி வியர்த்து எழுந்திருக்கிறீர்களா. இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

காவிரிக்கரை எம்ஓ

மேடம், அக்கா, இருவருக்கும் நன்றி. அக்கா சொன்ன அந்த வாசற்படி விஷயம் எனக்குச் சுருக்கென்று பட்டது. நேற்று ஓபியில் 40 வயதுக்கு மேல் வந்த எல்லாப் பெண்களின் சீட்டிலும் எல்எம்பி எழுதச் சொன்னேன். அதில் ஒரு விஷயம் வந்தது, என்ன செய்வது என்று கேட்க வேண்டும். 38 வயதுப் பெண், முட்டி வலி என்று வந்தவர். எல்எம்பி என்ற இடத்தில் சிஸ்டர் "கர்ப்பப்பை இல்லை" என்று எழுதியிருந்தார். 33 வயதில் வெள்ளைப்படுதலும் அதிக ரத்தப்போக்கும் என்று போனபோது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்களாம். டிஸ்சார்ஜ் சம்மரியை மடித்து மடித்து வைத்திருந்தார், அதில் இரண்டு பக்க சூலகமும் எடுத்ததாக இருக்கிறது. அவருக்கு அது தெரியாது. "பை மட்டும்தான் எடுத்தாங்க" என்கிறார். ஐந்து வருடமாக எந்த மருந்தும் இல்லை. இவருக்கு என்ன செய்ய வேண்டும்?

மதுரை ஓஜி

இதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிகிறது.

தம்பி, இவரை உடனே அனுப்புங்கள், இந்த வாரமே. இவருக்கு 33 வயதில் ஒரே நாளில் மெனோபாஸ் வந்திருக்கிறது. இயற்கையாக வருபவருக்குச் சூலகம் சில வருடம் எடுத்துக்கொண்டு மெதுவாக ஓயும், இவருக்குச் சுவிட்சை அணைத்த மாதிரி. 45 வயதுக்குள் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போனவர்களுக்கு எலும்பு தேயும், இதய நோய் சீக்கிரம் வரும். இவரைப் போன்றவருக்கு ஹெச்ஆர்டி என்பது தொந்தரவுக்குக் கொடுக்கும் மருந்து கூட இல்லை, உடம்பில் இருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது, தடை எதுவும் இல்லையென்றால் இயற்கையாக நிற்கும் வயது வரையாவது கொடுக்க வேண்டும். டபிள்யூஹெச்ஐ பயத்தை 38 வயதுப் பெண்ணின் மேல் போடக் கூடாது, அந்த ஆய்வில் 50 வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. கர்ப்பப்பை இல்லாததால் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எதற்காக எடுத்தார்கள், பயாப்சி ரிப்போர்ட் என்ன என்று மட்டும் பார்த்துவிடுங்கள், எண்டோமெட்ரியோசிஸ் (உள்வரிச் சவ்வு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருந்திருந்தால் கணக்கு வேறு. எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா எடுக்கச் சொல்லுங்கள், வைட்டமின் டி பாருங்கள்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 3 பேருக்கு மேல் கர்ப்பப்பை எடுத்தவர்கள், ஆந்திராவும் தெலங்கானாவும் இதில் முன்னால் நிற்கின்றன. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் வந்தது நினைவிருக்கும். தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு 2022இல் வழிகாட்டி போட்டது, 2023இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. நல்லது. ஆனால் ஏற்கெனவே எடுத்தவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்களே, அவர்களை யார் தேடுவது? மெனோபாஸ் பயிற்சி என்று ஒன்று நடத்தினால் முதல் பாடம் 50 வயது காங்கை பற்றி இருக்கக் கூடாது, இந்த 38 வயதுப் பெண்ணைப் பற்றி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தேம்ஸ் கரை ஜிபி

வணக்கம், நான் தஞ்சாவூர்க்காரி, லண்டனில் ஜிபியாக, அதாவது பொது மருத்துவராக இருக்கிறேன். எங்கே கற்றுக்கொள்வது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில், இந்தக் குறை உங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஃபேமிலி மெடிசின், இன்டர்னல் மெடிசின், ஓஜி ரெசிடென்ட்களிடம் (மேல்பயிற்சியில் இருக்கும் டாக்டர்களிடம்) கேட்டு 2019இல் ஒரு ஆய்வு வந்தது. பதில் சொன்ன 177 பேரில் 36 பேருக்கு மெனோபாஸ் பற்றி ஒரு வகுப்புகூட நடக்கவில்லை, தாங்கள் தயாராக இருப்பதாகச் சொன்னவர்கள் 12 பேர். இங்கேயும் நான் ஜிபி பயிற்சி முடித்தபோது என் நிலைமை அதுதான்.

சர்வதேச மெனோபாஸ் சங்கம் இம்பார்ட் என்று ஒரு இணையப் படிப்பு வைத்திருக்கிறது, இலவசம், டாக்டர் யாரும் சேரலாம். அதிலிருந்து தொடங்குங்கள், ராத்திரி ட்யூட்டியில் உட்கார்ந்து படிக்கும் அளவுதான். இந்தியன் மெனோபாஸ் சொசைட்டி 1995இலிருந்து இருக்கிறது, அவர்கள் பத்திரிகையான ஜர்னல் ஆஃப் மிட்லைஃப் ஹெல்த்தில் நம் ஊர்ப் பெண்களைப் பற்றிய கட்டுரைகள் வருகின்றன, அதை விடாமல் படியுங்கள். அமெரிக்காவின் மெனோபாஸ் சொசைட்டி ஒரு தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது, பிரிட்டிஷ் மெனோபாஸ் சொசைட்டியின் சான்றிதழுக்குப் பாடத்தோடு கிளினிக்கில் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தாக வேண்டும். நான் இரண்டாவதைச் செய்தேன். பாடத்தில் கற்றது எனக்கு இப்போது பாதி மறந்துவிட்டது. கிளினிக்கில் அந்த அம்மையார் நோயாளியிடம் "இதில் எது உங்களை அதிகம் படுத்துகிறது" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தது மறக்கவில்லை. உங்களுக்கு முடிந்தால் மதுரை மேடம் மாதிரி ஒருவர் பக்கத்தில் நான்கு ஓபி நாள் உட்காருங்கள், எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது.

நம்பக் கூடாததைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஹார்மோன் பேலன்ஸ்" என்று பெயர் வைத்து, எச்சில் டெஸ்ட் எடுத்து ஹார்மோன் அளவு பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனியாகக் கலக்கிய "பயோ ஐடென்டிக்கல்" கிரீம் கொடுக்கச் சொல்லித்தரும் படிப்புகள் இணையத்தில் நிறைய. அவற்றுக்கு மெனோபாஸ் சங்கங்களின் ஆதரவு கிடையாது. கலக்கிய கிரீமில் புரோஜெஸ்டிரோன் போதுமா என்று யாருக்கும் தெரியாது, கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு அது ஆபத்து. படிப்பு நடத்துகிறவரே டெஸ்ட்டும் மருந்தும் விற்றால் விலகிவிடுங்கள்.

நேரம் இல்லை என்றீர்களே, மெனோபாஸ் ரேட்டிங் ஸ்கேல் என்று 11 கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். வரிசையில் காத்திருக்கும்போதே சிஸ்டர் நிரப்பிவிடலாம். மூன்று மாதம் கழித்துத் திரும்ப நிரப்பினால் மருந்து வேலை செய்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் நம் பெண்கள் அந்தத் தாளின் மொழியில் பேச மாட்டார்கள் என்பதையும் சொல்கிறேன். ஈஸ்ட் ஹாமில் என்னிடம் வரும் தமிழ் அம்மாக்கள் காங்கையை நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் சொல்வார்கள், முதலில் வருவது "உடம்பெல்லாம் வலி, தோள்பட்டை தூக்க முடியல". அமெரிக்காவின் ஸ்வான் ஆய்வு 3,302 பெண்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தது, காங்கை பாதிப்பேருக்கு ஏழு வருடத்துக்கும் மேல் நீடிக்கிறது என்று நமக்குத் தெரிந்ததே அதனால்தான், ஆனால் அதில் வெள்ளை, கறுப்பு, ஹிஸ்பானிக், சீன, ஜப்பானியப் பெண்கள் இருந்தார்கள், நம்மவர்கள் என்று ஒரு பிரிவு இல்லை. அதனால் செவிலி அக்கா சொன்ன கேள்விகளை எழுதிவையுங்கள், அவை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஹெச்ஆர்டி அட்டைகளில் கட்டம் கட்டிப் போட்டிருந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. அதைக் காட்டி எல்லோருக்கும் எழுதுங்கள் என்று இப்போது எதிர்ப்பக்கம் இழுக்கிறார்கள், அதிலும் போய் விழ வேண்டாம். கர்ப்பப்பை இருக்கும்போது ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் வரும் ஆபத்து பற்றிய எச்சரிக்கையை அவர்களே நீக்கவில்லை.

மனநலம் கோவை

சைக்கியாட்ரியிலிருந்து இரண்டே வரி சொல்லலாம் என்று வந்தேன், நீண்டுவிட்டது.

அந்த அம்மாவின் பையில் இருந்த தூக்க மாத்திரைக்கு எங்கள் பக்கமும் பொறுப்பு உண்டு. படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் என்று 47 வயதுப் பெண் வந்தால் ஆன்சைட்டி என்று எழுதி அல்பிரசோலம் கொடுப்பது பழகிப்போய்விட்டது, வருடக்கணக்கில் நிறுத்த முடியாமல் அவதிப்படுகிறார்கள். ராத்திரி எழுந்தபோது வியர்த்திருந்ததா என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், பல பேருக்கு விடை கிடைத்துவிடும். அதேசமயம் எல்லாவற்றையும் மெனோபாஸ் தலையில் கட்டவும் கூடாது. பெரிமெனோபாஸ் காலத்தில் மனச்சோர்வு கூடுகிறது, முன்பு மனச்சோர்வு வந்தவருக்கு இன்னும் அதிகம், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டாக வேண்டும்.

ஹார்மோன் கொடுக்க முடியாதவர்களுக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லாஃபாக்ஸின், குறைந்த அளவு பராக்ஸிடின் இவை காங்கையைக் குறைக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு டாமோக்ஸிஃபன் சாப்பிடுகிறவருக்குப் பராக்ஸிடின் மட்டும் எழுதிவிடாதீர்கள், டாமோக்ஸிஃபனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் என்சைமை அது தடுத்துவிடும். அவர்களுக்கு வென்லாஃபாக்ஸின் பரவாயில்லை. இதைத் தெரியாமல் எழுதிய சீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

யாழ் வைத்தியர்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். இங்கே 1996இல் இருந்து வெல் வுமன் கிளினிக் நடக்குது, முதலில் 35 வயதுப் பெண்களைக் கூப்பிட்டம், பிறகு 45 வயதையும் சேர்த்தது. பாப் ஸ்மியர், மார்பகம், பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பம். குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கே போய் அழைச்சுக்கொண்டு வருவா. வயதும் ஆளும் இடமும் ஏற்கெனவே பொருந்தி இருக்குது, 45 வயதில் வாற அம்மாவிடம் மாதவிடாய் பற்றி விரிவாகக் கதைக்கிறதுக்கு நேரம் ஒதுக்கினால் போதும். உங்கள் செவிலி அக்கா சொன்ன இரண்டு கேள்வியை நான் என்ர கிளினிக்கில் போன கிழமை கேட்டுப் பார்த்தன். வந்த 14 பேரில் ஒன்பது பேர் ஓம் எண்டு சொன்னவை. ஒருத்தர், போரில் மகனை இழந்த அம்மா, நித்திரை இல்லாததெல்லாம் அந்தத் துயரம்தான் எண்டு பதினொரு வருசமாக நினைச்சுக்கொண்டிருந்திருக்கிறா. துயரமும் இருக்குது, வியர்வையும் இருக்குது. இரண்டுக்கும் தனித்தனியாக உதவலாம் எண்டு சொன்னபோது என்ர கையைப் பிடிச்சுக்கொண்டா.

காவிரிக்கரை எம்ஓ

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தறிப்பட்டறை அம்மாவை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினேன், அங்கே மேடம் சொன்ன மாதிரியே ஈஸ்ட்ரோஜனும் 12 நாள் புரோஜெஸ்டிரோனும் எழுதினார்கள், நான் போனில் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஆறு வாரம் கழித்து வந்தார். தாள் நிரப்பியபோது மதிப்பெண் 27இலிருந்து 11க்கு இறங்கியிருந்தது. தூக்க மாத்திரையை மெதுவாகக் குறைத்துக்கொண்டிருக்கிறோம். பட்டறையில் ராத்திரி ஷிப்டுக்கு மறுபடி போகிறாராம். கூடவே பட்டறையிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்திருந்தார், "இவங்களுக்கும் அதே காங்கைதானுங்க சாமி" என்று.

38 வயதுப் பெண்ணுக்கு டெக்ஸா எடுத்தாயிற்று, இடுப்பெலும்பு தேய்ந்திருக்கிறது. ஜெல் தொடங்கியிருக்கிறார்கள். சூலகமும் எடுத்துவிட்டார்கள் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "அதனாலதான் எனக்கு இப்படி எல்லாம் இருந்துச்சா, நான் என்னவோ எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நினைச்சேன்" என்றார்.

இம்பார்ட் படிப்பில் பாதி முடித்துவிட்டேன். மதுரை மேடம், உங்கள் கிளினிக்கில் நான்கு நாள் உட்கார இடம் கிடைக்குமா? லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன், ஜூன் முதல் வாரம் என்றால் எனக்கு வசதி. எங்கள் சிஸ்டரும் வர விரும்புகிறார்.

மதுரை ஓஜி

இரண்டு பேரும் வாருங்கள். செவ்வாய், வியாழன் காலை எட்டரைக்கு ஓபி. அந்த 38 வயதுப் பெண்ணின் ரிப்போர்ட்டைப் பெயர் மறைத்து எடுத்து வாருங்கள், என் பிஜி மாணவர்களும் பார்க்க வேண்டும்.